மரப்பட்டையும் மலேரியாவும்: சிலி நாட்டுக் காட்டிலிருந்து நைஜீரியக் குழந்தை வரை

2024 டிசம்பரில் நைஜீரியா தன் குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கியது. முதற்கட்டமாகத் தேர்வு செய்யப்பட்டவை இரண்டு மாநிலங்கள். ஒன்று தெற்கே உள்ள பயெல்சா, மற்றொன்று வடமேற்கே உள்ள கெப்பி. கெப்பி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலம். அதற்கு ஒரு மாதம் முன்பு, உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடக்கும் சூடானும் இதே தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஆர்ப்பாட்டம் இல்லாமல் கடந்துபோன செய்திகள் இவை. நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 5,97,000 பேர். இதில் 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஐந்து வயதைத் தாண்டாத பிள்ளைகள். உலகில் நிகழும் மலேரியா மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நைஜீரியா என்ற ஒரே நாட்டில் நிகழ்கிறது. காஸாவின் பிள்ளைகளுக்காகக் கண்ணீர் விடும் நம் வீடுகளில் மாலியின், சூடானின், நைஜீரியாவின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. குண்டு விழுந்தால் படம் வருகிறது. கொசு கடித்துச் செத்தால் படம் வருவதில்லை.

அந்தச் சிறிய தடுப்பூசிக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் கடந்த சில ஆண்டுகளின் தாவரவியல், மரபணுவியல், நோய் எதிர்ப்பியல் ஆய்வுகள் அத்தனையும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தெரிகிறது. அதனால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

கெப்பியில் போடப்படும் தடுப்பூசியின் பெயர் ஆர்21. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் ஹில் தலைமையிலான குழு உருவாக்கியது. தயாரிப்பது நம் நாட்டின் புனே நகரில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட். ஆண்டுக்கு 10 கோடி தவணைகள் தயாரிக்கும் திறன் அங்கே இருக்கிறது. அந்தக் குப்பிக்குள் மலேரியாக் கிருமியின் புரதத் துண்டு ஒன்று இருக்கிறது. கூடவே தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டைச் சாறிலிருந்து பிரித்தெடுத்த பொருளும் இருக்கிறது.

அந்த மரத்தை அறிவியலாளர்கள் குயிலாஜா சபோனாரியா என்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மபூச்சே மக்கள் அதன் பட்டையை ஊறவைத்து, நுரை வரத் தேய்த்துத் துணி துவைத்தார்கள், தலைக்குக் குளித்தார்கள். நமக்கு இது புதிதல்ல. நம் பாட்டிமார்கள் பட்டுச் சேலையை அலசவும் நகையைத் துலக்கவும் வைத்திருந்த பூந்திக்கொட்டையும், தலைக்குத் தேய்த்த சீயக்காயும் நுரைப்பது இதே வகைப் பொருளால்தான். அதற்குச் சபோனின் என்று பெயர். செடிகள் பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டத் தங்களுக்குள் தயாரித்துக்கொள்ளும் தற்காப்பு மருந்து அது. ஒவ்வொரு மரத்தின் சபோனினும் ஒவ்வொரு மாதிரி. பூந்திக்கொட்டையில் இருப்பது தடுப்பூசிக்கு உதவும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சிலி நாட்டு மரத்தில் இருப்பதற்குத்தான் அந்தத் தனிக் குணம் இருக்கிறது.

குதிரையும் மரவள்ளி மாவும்

துணி வெளுக்கும் நுரை எப்படித் தடுப்பூசிக்குள் வந்தது? நூறு ஆண்டுக் கதை இது.

பிரான்ஸில் காஸ்டன் ரமோன் என்றொரு கால்நடை மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்மருந்தைக் குதிரைகளின் உடலில் உருவாக்கி, அவற்றின் இரத்தத்திலிருந்து எடுத்த காலம் அது. ஊசி போட்ட இடத்தில் வீங்கிச் சீழ் பிடித்த குதிரைகளிடம் எதிர்மருந்து அதிகமாகக் கிடைப்பதை ரமோன் கவனித்தார். அப்படியானால் வேண்டுமென்றே கொஞ்சம் எரிச்சலூட்டினால் என்ன? 1925-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஊசி மருந்தோடு மரவள்ளிக்கிழங்கு மாவு, ரொட்டித் தூள், சபோனின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். பலன் கிடைத்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி அலுமினிய உப்பைச் சேர்த்தார். அந்த அலுமினிய உப்புதான் இன்றுவரை நம் பிள்ளைகளுக்குப் போடும் பல தடுப்பூசிகளில் இருக்கிறது.

இப்படிச் சேர்க்கப்படும் பொருளை அட்ஜுவண்ட் என்கிறார்கள். துணைமருந்து என்று சொல்லலாம். அதற்கு நோயைத் தடுக்கும் சக்தி எதுவும் தனியாகக் கிடையாது. உடம்பின் காவல் படையைத் தட்டி எழுப்பி, "இங்கே ஒரு அந்நியன் வந்திருக்கிறான், முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்" என்று சொல்வது மட்டுமே அதன் வேலை.

சிலி மரத்தின் பட்டைச் சாறு 1970-களில் கால்நடைத் தடுப்பூசிகளுக்குப் பயன்படும் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்டது. ஆனால் அதில் பல சபோனின்கள் கலந்திருந்தன. சில கடுமையானவை, மனிதருக்கு ஆகாது. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கலவையைப் பிரித்து, வீரியம் இருந்தும் தாங்கக்கூடியதான ஒரு கூறைத் தனியே எடுத்தார்கள். அதுதான் க்யூஎஸ்-21.

மலேரியாவுக்கு இப்படி ஒரு துணை ஏன் தேவைப்பட்டது என்று கேட்கலாம். மலேரியாவை உண்டாக்குவது பாக்டீரியாவும் அல்ல, வைரஸும் அல்ல. அது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கொண்டது. கொசு கடித்த சிறிது நேரத்துக்குள் அது இரத்தத்தின் வழியாகக் கல்லீரலுக்குள் புகுந்துவிடும். அங்கே ஒரு வாரம் அளவுக்கு மறைந்திருந்து ஆயிரக்கணக்கில் பெருகி, பிறகு சிவப்பணுக்களைத் தாக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் உருவம் மாறும், மேலுறை மாறும். காவலர் ஒரு முகத்தை மனப்பாடம் செய்வதற்குள் அது வேறு முகத்தோடு வந்து நிற்கும். தடுப்பூசிக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு, கொசுக்கடிக்கும் கல்லீரலுக்கும் இடையே உள்ள அந்தக் குறுகிய நேரம்தான். அதற்குள் அடித்து வீழ்த்த வேண்டுமென்றால் இரத்தத்தில் எதிர்ப்புரதங்கள் ஏராளமாக, முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். அலுமினிய உப்பால் அந்த அளவுக்கு எழுப்ப முடியவில்லை. மரப்பட்டையால் முடிந்தது.

முதலில் வந்தது ஆர்டிஎஸ்,எஸ் என்ற தடுப்பூசி. கிளாக்சோ நிறுவனம் 1980-களிலேயே தொடங்கிய வேலை. க்யூஎஸ்-21 அதில் ஒரு பகுதி. 2019 முதல் கானா, கென்யா, மலாவி ஆகிய மூன்று நாடுகளில் 20 லட்சம் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி பெறும் வயதிலிருந்த குழந்தைகளிடையே எந்தக் காரணத்தாலும் நிகழும் மொத்த மரணமே 13 விழுக்காடு குறைந்தது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. இரண்டாவதாக வந்த ஆர்21-இல் அதே மரத்தின் சபோனின்களை வேறு விதமாகக் கலந்த மேட்ரிக்ஸ்-எம் என்ற துணைமருந்து இருக்கிறது. புர்கினா ஃபாசோ, மாலி, கென்யா, தான்சானியா நாடுகளில் சுமார் 4,800 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் முதல் ஓராண்டில், மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பரவும் இடங்களில் 75 விழுக்காடும், ஆண்டு முழுவதும் பரவும் இடங்களில் 68 விழுக்காடும் நோய் குறைந்தது. 2023 அக்டோபரில் இதுவும் பரிந்துரை பெற்றது.

இந்த ஆய்வுகளை நடத்தியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புர்கினா ஃபாசோவில் ஹலிடூ டின்டோ, மாலியில் அலசான் டிக்கோ, தான்சானியாவில் அலி ஒலோட்டு. சொந்த மண்ணில் சொந்த மக்களிடையே ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை செய்த ஆப்பிரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் இவர்கள். "வெள்ளைக்காரன் கண்டுபிடித்து நம்மேல் சோதித்துப் பார்க்கிறான்" என்ற பேச்சைக் கேட்கும்போது இந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மரம் போதாது

சிக்கல் இங்கேதான். இந்தியாவிலிருந்து ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் தடுப்பூசி போக வேண்டும் என்றால் அத்தனைக்கும் மூலம் சிலி நாட்டின் காட்டில்தான் இருக்கிறது. பட்டையை உரிக்க மரம் பல ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டும். வெட்டுவதற்கு அரசு அனுமதி தேவை. சிலியின் மத்திய பகுதியோ 2010 முதல் நீண்ட வறட்சியில் காய்ந்து கிடக்கிறது. இதே பட்டைச் சாற்றைக் குளிர்பானத்தில் நுரை வரவும், அழகுசாதனப் பொருட்களிலும், கால்நடைத் தீவனத்திலும் பயன்படுத்துகிறார்கள். பணக்கார நாடுகளில் முதியோருக்குப் போடும் அக்கித் தடுப்பூசியிலும் இதுவே இருக்கிறது, ஒரு தவணைக்கு 50 மைக்ரோகிராம். ஆப்பிரிக்கக் குழந்தையும் அமெரிக்க முதியவரும் ஒரே மரத்துக்கு முன் வரிசையில் நிற்கிறார்கள். யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதைச் சந்தையிடம் விட்டால் பதில் என்னவாக இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் ஆய்வுகள் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்க்கின்றன. இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் மையத்தில் ஆன் ஆஸ்போர்ன் என்ற தாவர அறிவியலாளரின் குழு, சோப்பு மரத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தது. இந்தச் சபோனினை மரம் ஒரே மூச்சில் தயாரிப்பதில்லை. ஒரு நொதி அடித்தளம் போடும், அடுத்தது ஓர் அணுவைச் சேர்க்கும், அதற்கடுத்தது ஒரு சர்க்கரையை ஒட்டும். தறியில் இழை இழையாக நெய்வதுபோல. எந்த மரபணு எந்த இழையைப் போடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப்படும் மரபணுவை எடுத்துப் புகையிலை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலைக்குள் செலுத்தி, அந்த இலையில் என்ன உருவாகிறது என்று பார்ப்பார்கள். இப்படிப் பொறுமையாகத் தேடி 2023-இலும் 2024 தொடக்கத்திலும் முழு வழியையும் வெளியிட்டார்கள். க்யூஎஸ்-21 முழுவதுமாகப் புகையிலைச் செடியின் இலையில் உருவானது.

2024 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜே கீஸ்லிங் குழு இன்னும் ஒரு படி போனது. பேக்கரியில் ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிருக்குள் வேறு உயிரினங்களிலிருந்து எடுத்த 38 நொதிகளுக்கான மரபணுக்களை நுழைத்து, அதையே க்யூஎஸ்-21 தயாரிக்க வைத்தது. மரம் வேண்டாம், காடு வேண்டாம், சர்க்கரைக் கரைசல் போதும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் இனிப்பான செய்திதான். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த ஈஸ்ட் கரைசல் ஒரு லிட்டரில் கிடைப்பது சுமார் 100 மைக்ரோகிராம். அக்கித் தடுப்பூசி என்றால் இரண்டு தவணைக்குத்தான் வரும். மலேரியாவுக்கு அளவு குறைவு என்றாலும் நான்கைந்து தவணைக்கு மேல் வராது. தொழிற்சாலை அளவுக்கு இது பல மடங்கு பெருக வேண்டும்.

அதைவிடக் கவலை தரும் முன்கதை ஒன்றும் இருக்கிறது. மலேரியாவுக்கு இன்று கொடுக்கப்படும் முதன்மை மருந்தான ஆர்ட்டிமிசினினும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். சீனாவின் பழைய மருத்துவ நூல் ஒன்றில் கிடைத்த குறிப்பைப் பின்பற்றி 1970-களில் தூ யூயூ அதைப் பிரித்தெடுத்தார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விவசாயிகள் கூடுதலாகப் பயிரிட்டால் விலை சரியும், குறைத்துப் பயிரிட்டால் மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்ற நிலையை மாற்ற, இதே கீஸ்லிங்தான் முன்பு ஈஸ்ட்டில் ஆர்ட்டிமிசினினுக்கான மூலப்பொருளைத் தயாரித்துக் காட்டினார். சனோஃபி நிறுவனம் இத்தாலியில் தொழிற்சாலையில் அதை உற்பத்தியும் செய்தது. ஆனால் அதற்குள் விவசாயிகள் விளைவித்த சரக்கு சந்தையில் குவிந்து விலை சரிந்தது. கிலோ 250 டாலருக்குக் கீழே செடியிலிருந்து கிடைக்கும்போது 350 டாலருக்கு ஈஸ்ட் சரக்கை யார் வாங்குவார்கள்? 2015-இல் சனோஃபி கொஞ்சம்கூட உற்பத்தி செய்யவில்லை. பிறகு தொழிற்சாலையையே விற்றுவிட்டது. ஆய்வகத்தில் முழு வெற்றி, கடையில் தோல்வி. சோப்பு மரத்தின் கதையும் இப்படி ஆகாது என்று சொல்ல இன்று யாராலும் முடியாது. ஒரே ஒரு வேறுபாடு, மரத்தை ஆறு மாதத்தில் விளைவிக்க முடியாது என்பது. அந்த வகையில் ஈஸ்ட்டுக்கு இம்முறை வாய்ப்பு கூடுதல் என்பது நம் கணிப்பு.

மரபணு மாற்றிய ஈஸ்ட் என்றதும் நம் வாசகர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். இது கூடுமா, கூடாதா? மார்க்கத் தீர்ப்பு சொல்வது உலமாக்களின் வேலை. அதில் நாம் தலையிடவில்லை. ஆனால் ஒரு தகவலை மட்டும் நினைவூட்டலாம். நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிது. அவர்களில் பலர் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின், 1980-களுக்கு முன் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. 1982-இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை நுண்ணுயிருக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலின் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு பன்றி இன்சுலினின் தேவை குறைந்து, அந்தப் பழைய தர்மசங்கடமும் நீங்கியது. மரபணுத் தொழில்நுட்பம் என்றாலே நம்பிக்கைக்கு எதிரானது என்று பேசுவோர், நம் பெரியவர்களின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் அந்தச் சிறு குப்பியைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு பேச்சும் உண்டு. "இயற்கை மருந்து இருக்க ஊசி எதற்கு?" வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறையாவது இப்படி ஒன்று வந்துவிடுகிறது. அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். இன்று அக்கிக்கு எதிராகக் கிடைக்கும் தடுப்பூசியில் மரப்பட்டைச் சாறு இருக்கிறது. இந்தியாவிலும் அது 2023 முதல் கிடைக்கிறது, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத விலையில். இதை இயற்கை என்பதா, செயற்கை என்பதா? மரத்திலிருந்து வந்ததால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. அதே பட்டையின் கச்சாச் சாறு மனிதருக்கு ஆகாது என்பதை மேலே பார்த்தோம். ஊசிக்குள் போனதால் மட்டும் கெட்டதாகவும் ஆகிவிடாது. எந்தக் கூறு, எவ்வளவு, எத்தனை பேரிடம் சோதித்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நாட்டு மருந்துக் கடையிலும் கேட்க வேண்டும், ஆங்கில மருந்துக் கடையிலும் கேட்க வேண்டும்.

கானோவை மறக்க முடியாது

கெப்பியில் தடுப்பூசி தொடங்கியதை நாம் முக்கியமாகக் கருதுவதற்கு இன்னொரு காரணம், இருபது ஆண்டுகளுக்கு முன் அதே வடக்கு நைஜீரியாவில் நடந்தது. 2003-இல் கானோ உள்ளிட்ட மாநிலங்கள் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தின. அதில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது, எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று வதந்தி பரவியது. சில மதத் தலைவர்களும் ஒரு மருத்துவரும்கூட அதை ஆதரித்துப் பேசினார்கள். முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்த பிறகே 2004 ஜூலையில் கானோ மீண்டும் ஒப்புக்கொண்டது. அதற்குள் நைஜீரியாவிலிருந்து கிளம்பிய வைரஸ் ஆப்பிரிக்க நாடுகளைக் கடந்து யேமன் வரை, ஏன், அந்த மருந்தை அனுப்பிய இந்தோனேசியா வரையிலும் போய்ப் பிள்ளைகளை முடமாக்கியது.

அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1996-இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் ட்ரோவன் என்ற புதிய மருந்தைக் குழந்தைகளிடம் சோதித்தது. 11 குழந்தைகள் இறந்தார்கள். எங்களிடம் முறையாக ஒப்புதல் கேட்கவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 2009-இல் கானோ மாநிலத்துடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2011-இல் பின்லேடனைத் தேட அமெரிக்க உளவுத்துறை அப்போட்டாபாத்தில் ஒரு போலித் தடுப்பூசி முகாமையே நடத்தியது. பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கப்போன பெண் ஊழியர்கள் பலர் பின்னாளில் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் அந்தத் துரோகத்தின் நிழலும் இருக்கிறது. முஸ்லிம்கள் அறிவியலுக்கு எதிரானவர்கள் என்று எளிதாக எழுதிவிட்டுப் போகும் பத்திரிகையாளர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நாமோ இந்தப் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, முடமான பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். இரண்டும் நியாயமல்ல.

மாற்றிக் காட்டியதும் நம் நாட்டில்தான் நடந்தது. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் 2000-களின் தொடக்கத்தில் பல முஸ்லிம் குடும்பங்கள் போலியோ மருந்தை மறுத்தன. "கழிவுநீர் ஓடும் எங்கள் தெருவுக்கு வேறு எதற்கும் வராத அரசு, இந்த ஒரு சொட்டுக்கு மட்டும் ஏன் வாரந்தோறும் வருகிறது?" என்பது அவர்களின் சந்தேகம். நியாயமான சந்தேகம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்து ஆகிய நிறுவனங்கள் களமிறங்கின. இமாம்கள் பேசினார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது, அந்தந்தத் தெருவின் பெண்களே ஊழியர்களாக வீடு வீடாகப் போனார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் ஒரு பிள்ளைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014-இல் அதற்கான சான்றும் கிடைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்து பல பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்து வைத்ததும், முகாமை மார்ச் வரை நீட்டிக்க நேர்ந்ததும் நம் கண்முன் நடந்தவை. அதில் எல்லாச் சமூகத்தாரும் இருந்தார்கள்.

இந்த நேரத்தில் சந்தேகம் வேறொரு திசையிலிருந்து வருவதுதான் விசித்திரம். ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி வாங்கித் தரும் காவி என்ற சர்வதேசக் கூட்டமைப்புக்கு அமெரிக்கா இனிப் பணம் தராது என்று அந்நாட்டின் சுகாதார அமைச்சர் ராபர்ட் கென்னடி 2025 ஜூனில் அறிவித்தார். அடுத்த ஐந்தாண்டுக்கு 1,190 கோடி டாலர் தேவை என்று கேட்டிருந்த காவிக்கு அந்தக் கூட்டத்தில் 900 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகவே உறுதி கிடைத்தது. ஆர்21-இன் விலை ஒரு தவணைக்கு 4 டாலருக்கும் குறைவு. ஒரு குழந்தைக்கு நான்கு தவணை. நம் ஊரில் ஒரு குடும்பம் பிரியாணிக் கடைக்குப் போய்வரும் செலவு அது. அந்தத் தொகைக்குத்தான் உலகம் இப்போது பேரம் பேசிக்கொண்டிருக்கிறது. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியின் விலையை 2028-க்குள் 5 டாலருக்குக் கீழே கொண்டுவருவதாகக் கிளாக்சோவும் ஐதராபாத்தின் பாரத் பயோடெக்கும் அறிவித்திருக்கின்றன. இந்தியாவின் இரண்டு நகரங்கள் இல்லாமல் ஆப்பிரிக்காவின் மலேரியா தடுப்பூசி இல்லை என்ற நிலை நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமை அறிவிப்போடு நின்றுவிடாமல் விலைப்பட்டியலிலும் தெரிய வேண்டும்.

அவசரம் இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்குகிறது. ஆர்ட்டிமிசினினுக்கு மலேரியாக் கிருமி பழகத் தொடங்கிவிட்டது. அதன் கெல்ச்13 என்ற மரபணுவில் ஏற்படும் சிறு மாற்றங்கள் மருந்தின் வேகத்தைக் குறைக்கின்றன. முதலில் கம்போடியாவில் தெரிந்த இந்தப் போக்கு இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா, தான்சானியாவில் உறுதியாகியிருக்கிறது. இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது, தடுப்பூசி இல்லாமலே. வீட்டுக்கு வீடு இரத்தப் பரிசோதனை, கொசு ஒழிப்பு, விடாத கண்காணிப்பு. எனவே ஊசி வந்துவிட்டது, கொசுவலையை மடித்து வைத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. நோய் எங்கும் நிறைந்திருக்கும் மேற்கு ஆப்பிரிக்காவில் வலையும் மருந்தும் மட்டும் போதவில்லை என்பதுதான் இத்தனை ஆண்டு அனுபவம்.

இன்று ஆப்பிரிக்காவில் 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் மலேரியா தடுப்பூசி வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளோடு சேர்ந்துவிட்டது. இனிக் கவனிக்க வேண்டியது நான்காவது தவணை. முதல் மூன்றும் ஐந்து மாதக் குழந்தை முதல் மாதத்துக்கு ஒன்றாகப் போடப்படும். பாதுகாப்பு மெல்லக் குறையும் என்பதால் நான்காவது, குழந்தைக்கு ஒரு வயது கடந்த பிறகு. மற்றத் தடுப்பூசிகளுக்காகத் தாய்மார்கள் மருத்துவ நிலையத்துக்கு அடிக்கடி வரும் காலம் அதற்குள் முடிந்திருக்கும். முன்னோட்டம் நடந்த மூன்று நாடுகளிலும் இந்த இடத்தில்தான் எண்ணிக்கை சரிந்தது. கெப்பியின் கிராமத்தில், கைக்குழந்தையோடு இன்னொரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, வெயிலில் பல மைல் நடந்து அந்தத் தாய் நான்காவது முறையாக வருவாளா என்பதை அவளுடைய ஊர் ஆலிமும், தெருப் பெண்களும், அவளுக்கு வழியனுப்பும் கணவரும் சேர்ந்துதான் முடிவு செய்வார்கள்.